டாக்டர் குணாளனின் ரத்தம்

“அவ மாத்திரையைத் தூக்கிப் போடறா, மேடம். நாளையோட நிறுத்தப்போறேன்.”

டாக்டர் குணாளன் கொதித்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் எஸ்தரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனால் ஆராய்ச்சியில் எஸ்தரின் மாணவர்.

அவர் திட்டிக்கொண்டிருந்தது பல்கீஸை. நுரையீரல் நோயாளி. வெள்ளையணுக்களில் புரதத்தை வெட்டும் நொதி ஒன்று கட்டுமீறி, அவள் நுரையீரலையே அரித்துக்கொண்டிருந்தது. அதை அடக்கத்தான் அந்தப் புது மாத்திரை. அதுவும் நின்றால் அவளுக்கு வேறு வழி இல்லை.

“மாத்திரை சாப்பிடலைன்னு எப்படித் தெரியும்?”

“நொதி இன்னும் எக்கச்சக்கமா இருக்கே!”

“யாரைவிட?”

“நார்மலைவிட.”

“அந்த நார்மல் யாரு?”

குணாளன் தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினார்.

“என் ரத்தம்தான். லேப்ல எல்லாரும் அப்படித்தானே செய்றோம்? கை பக்கத்துலயே இருக்கு.”

எஸ்தருக்கு முகம் சிவந்துவிட்டது. வெள்ளைக் கோட்டின் கைப்பகுதியைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினார்.

“எடுங்க.”

எடுத்தார். அளந்தார். எஸ்தரின் நொதி பல்கீஸுடையதையும் தாண்டி நின்றது.

“மெஷின்ல கோளாறு,” என்றார் குணாளன். வேறென்ன சொல்வார்? மறுபடியும் அளந்தார். அதே அளவுதான்.

“நல்லா திடமாத்தானே இருக்கேன்? இல்ல, நானும் மாத்திரையைத் தூக்கிப் போடறேனா?”

“ஜீன்ல ஒரு எழுத்து மாறினாலே நொதியோட வேகம் ஆளுக்கு ஆள் மாறும், மேடம். இது எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா இப்படி?” எஸ்தர் மேசையில் ஓங்கித் தட்டினார். “மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முந்தி அவங்ககிட்ட எடுத்த ரத்தம் எங்கே?”

அதில் பிரித்த அணுக்கள் உறைபெட்டியில் பத்திரமாக இருந்தன. அவற்றை இளக்கிக்கொண்டு உட்கார யாருக்குப் பொறுமை?

இப்போது குணாளனுக்குப் பொறுமை வந்தது. இளக்கினார். அளந்தார்.

இன்றைய அளவைப்போல் மூன்று மடங்கு.

மாத்திரை வேலை செய்துகொண்டுதான் இருந்தது. பல்கீஸ் அதை ஒழுங்காக விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

குணாளன் வார்டுக்குப் போனார். அவளுடைய கட்டிலருகே குனிந்தார்.

“மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடும்மா. தப்பு என்னோடதுதான்.”

பல்கீஸ் இருமி முடித்து எழுந்து உட்கார்ந்தாள்.

“நேத்து வார்டே கேக்குற மாதிரி பொய்க்காரின்னு கத்துனீங்க. இப்ப மட்டும் ஏன் சார் காதுல வந்து சொல்றீங்க?”