மான் மயங்கும் நாள்

வீரணனுக்கு வயது ஐம்பது. குரு நீலிக்கு முப்பதுகூட ஆகவில்லை. அதனால் அவன் உட்காராமலே கேட்டான்.

"கலைமான் எந்த நாளில் மயங்கும்? அந்த ஒன்றை மட்டும் சொல். மற்றதெல்லாம் எனக்குத் தெரியும்."

"எல்லாம் தெரிந்தவர் ஏன் வந்தீர்கள்?"

"ஊர்த்தலைவர் போகச் சொன்னார். வந்தேன்."

மேல்கரையில் வில்லெடுத்தவர்களில் பாதிப்பேர் நீலியிடம் கற்றவர்கள்தான். யாரும் வெளியே சொல்வதில்லை. கேட்டால், "சும்மா பேசிக்கொண்டிருந்தோம்" என்பார்கள்.

மேல்கரைக்கும் கீழ்கரைக்கும் சேர்த்து ஒரே ஒரு மலைச்சரிவு. தேன், கிழங்கு, விறகு எல்லாம் அங்கேதான். மான்கள் இணைசேரும் மாதத்தில் எந்த ஊர் முதல் கலைமானை வீழ்த்தி எல்லைக்கல்லில் வைக்கிறதோ, அந்த ஊருக்கு அந்த ஆண்டு முழுவதும் சரிவு சொந்தம். தொடர்ந்து மூன்று ஆண்டு தோற்றால் பிறகு எந்தக் காலத்திலும் உரிமை இல்லை. மேல்கரை இரண்டு ஆண்டு தோற்றிருந்தது. இரண்டு முறையும் போனவன் வீரணன்.

ஒரு நேரத்தில் ஊருக்கு ஒருவர்தான் காட்டுக்குள் போகலாம். வெறுங்கையோடு திரும்பியவர் அந்த ஆண்டு மறுபடி போக முடியாது. எனவே நாளைச் சரியாகத் தேர்ந்தாக வேண்டும். மயங்காத கலைமான் காற்றிலேயே ஆளைக் கண்டுபிடித்து ஓடிவிடும். மயங்கியதோ, ஆள் பத்தடியில் வந்து நின்றாலும் பார்க்காது.

"பிணைமான்கள் எங்கே மேய்கின்றன?" என்று கேட்டாள் நீலி.

வீரணன் சிரித்துவிட்டான். "பெட்டை மானைப் பற்றி யார் கேட்டது? எல்லைக்கல்லில் கொம்பைத்தான் வைக்க வேண்டும், தாயி."

"சரி. காத்திருங்கள்."

சரிவுக்கு எதிரே ஊர்ப்பக்கமாக ஒரு பாறை இருந்தது. நீலி தினமும் அங்கே போய் உட்கார்ந்தாள். கீழே நெல்லிமரங்களின் அடியில் பிணைமான்கள் உதிர்ந்த காய்களைப் பொறுக்கித் தின்றன. மாலையில் அவள் வரும் வழியில் வீரணன் நிற்பான்.

"இன்றைக்கு?"

"விலகித்தான் நடக்கின்றன."

"எது?"

"பிணைகள்."

நான்கு நாள் இதே பதில். எட்டாம் நாளும் இதே பதில். வீரணனுக்குப் பொறுக்கவில்லை.

"உனக்குக் காது இருக்கிறதா இல்லையா? எட்டு நாளாகக் கலைமான் தொண்டை கிழியக் கத்துகிறது. இதைவிட என்ன மயக்கம் வேண்டும்?"

"கத்துகிறவனுக்கெல்லாம் கல்யாணம் ஆகிவிட்டதா?"

"உன்னோடு பேசி ஜெயிக்க முடியாது."

"என்னோடு பேசி ஜெயிப்பதற்கா வந்தீர்கள்?"

அவன் போய்விட்டான். மறுநாள் விடியுமுன் வில்லையும் இரண்டு பழைய கொம்புகளையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தான். அவளிடம் சொல்லவில்லை.

கொம்போடு கொம்பை மோதித் தட்டினால், வேறு ஆண்மான் வந்துவிட்டதென்று கலைமான் சண்டைக்கு ஓடிவரும். இரண்டு ஊர் வேட்டைக்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள். வீரணன் புதரில் குந்தித் தட்டினான். சற்று நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. டக், டக்.

வீரணன் தவழ்ந்து முன்னேறினான். மறுபடி தட்டினான். அங்கிருந்தும் பதில், முன்னைவிட மூர்க்கமாக. தவழ்ந்தான். முள் கிழித்து முழங்கால் இரண்டும் ரத்தமானது. உச்சிவெயிலில் புதர் அசைவது தெரிந்தது. நாணை இழுத்தான்.

புதர் தும்மியது.

"யாரடா?" என்றான் வீரணன்.

இலைகளை விலக்கிக்கொண்டு கீழ்கரைச் செங்கான் எழுந்தான். உடம்பெல்லாம் சேறு, இடுப்பில் செருகிய இரண்டு கொம்புகள். அவன் வில்லில் பூட்டியிருந்த அம்பு வீரணனின் நெஞ்சுக்கு நேரே இருந்தது.

"நீயா?"

"நீயா?"

இருவரும் வில்லைத் தாழ்த்தினார்கள்.

"காலையிலிருந்து என்ன ஒரு திமிர் பிடித்த கலைமான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றான் செங்கான்.

"நானுந்தான்."

"என் தம்பியிடம் சொல்லிவிடாதே."

சொல்லாமல் இருக்க முடியவில்லை. முழங்காலே சொல்லிவிட்டது. அன்று மாலை மேல்கரையில் ஊர்க்கூட்டம் கூடியது. கீழ்கரை அதற்குள் இன்னொருவனைத் தயார் செய்துவிட்டது என்று செய்தி வந்திருந்தது.

"இனி யாரை அனுப்புவது?" என்றார் ஊர்த்தலைவர்.

"நீலியை அனுப்புங்கள்" என்றான் வீரணன்.

"பொம்பளை வில்லெடுத்துப் போன வழக்கம் உண்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வீரணன் திரும்பிப் பார்த்தான். "இரண்டு ஆம்பளைகள் ஒருவனை ஒருவன் மானென்று நம்பி அரைநாள் தவழ்ந்த வழக்கம் உண்டா? அது மட்டும் நடக்கலாமா?"

கூட்டம் சிரித்தது. கேட்டவனும் சிரித்தான். ஊர்த்தலைவர் நீலியைப் பார்த்தார்.

"நாளைக்கே கிளம்பிவிடு, அம்மா."

"நாளைக்கு இல்லை."

"பிறகு எப்போது?"

"சொல்கிறேன்."

மறுநாள் கீழ்கரைக்காரன் கொம்பு தட்டும் ஓசை மேல்கரை வரை கேட்டது. ஊர்த்தலைவர் நீலியின் வாசலுக்கு மூன்று முறை வந்து போனார். நீலி பாறைக்குப் போய் உட்கார்ந்தாள். கீழ்கரைக்காரன் வெறுங்கையோடு திரும்பினான். அடுத்த நாள் அந்த ஊர் மூன்றாமவனை அனுப்பியது. அவனும் தட்டினான், அவனும் திரும்பினான். நாலாமவன் கிளம்பப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

அதற்கு மறுநாள் காலை வீரணனும் பாறைக்கு வந்தான். இந்த முறை கேட்காமலே உட்கார்ந்தான்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. காடு அமைதியாக இருந்தது.

"போச்சு" என்றான் அவன். "இன்றைக்குக் கத்தவே இல்லை. மயக்கம் தெளிந்துவிட்டது. சரிவும் போச்சு."

நீலி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நெல்லியடியில் ஒரு பிணை தின்பதை நிறுத்தியிருந்தது. கலைமான் அருகே வந்தது. பிணை விலகவில்லை. கால்களை ஊன்றி, வாலைத் தூக்கி, அப்படியே நின்றது.

நீலி எழுந்து வில்லை எடுத்தாள்.

வீரணன் பாறையிலிருந்தே பார்த்தான். அவள் தவழவில்லை, கொம்பு தட்டவும் இல்லை. காற்றுக்கு எதிராக மரத்துக்கு மரம் நடந்து போனாள். கலைமான் தலையைத் திருப்பவே இல்லை. பத்தடியில் நின்று ஒரே அம்பு விட்டாள்.

நான்கு பேர் தூக்கிவந்து எல்லைக்கல்லில் வைத்தபோது வெயில் இன்னும் தாழவில்லை. செங்கான் வந்து கொம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் ஊருக்குப் போனான். மேல்கரைப் பெண்கள் அப்போதே கூடைகளோடு சரிவில் ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

வீரணன் நீலியின் பக்கத்தில் வந்து நின்றான்.

"குருவே" என்றான். அதைச் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "இத்தனை நாளும் பிணையைத்தான் பார்த்தீர்கள். கலைமானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது மயங்கும் நாள் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"அதற்கே தெரியாதே" என்றாள் நீலி. "அதுவும் தினமும் பிணையிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தது."