மூச்சு விடாத கபடிக் குழு

மொட்டைப்பாறைக் கல்லூரிக் கபடிக் குழுவில் ஏழு பேர். உடம்பைக் குறை சொல்ல முடியாது, தேக்குமரம் மாதிரி இருப்பார்கள். மூளையும் அப்படியேதான்.

கேப்டன் கோட்டைச்சாமிக்கு ஒரே கவலை. ஆட்டக்காரர்கள் என்று விடுதியில் தினமும் ஆளுக்கு இரண்டு முட்டை கொடுத்துவந்தார்கள். "இந்தத் தடவையும் தோத்தீங்க, முட்டை கட்" என்று வார்டன் சொல்லிவிட்டார். முட்டை இல்லாத காலையை நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது.

இந்தத் தடவை எப்படியாவது ஜெயிக்கவைக்க, பி.டி. மாஸ்டர் தவமணி யோகாவில் இறங்கினார். "மரம் மாதிரி ஒத்தக் கால்ல அசையாம நில்லுங்கடா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தால் ஏழு பேரும் தொப்பலாக நனைந்து நிற்கிறார்கள்.

"ஒதுங்கினா என்னடா?"

"மரம் எங்க சார் ஒதுங்கும்?" என்றான் கோட்டைச்சாமி. தன் பதில் அவனுக்கே பெருமையாக இருந்தது. மாஸ்டர் பாவம், மாட்டுக்குப் புல்லைப் போடலாம், புத்தியையா போட முடியும்?

போட்டியன்று வேனை விட்டு இறங்கும்போது அவர் எச்சரித்தார். "நாம யோகா கத்துக்கிட்டது ரகசியம். எதிர் டீம் முன்னாடி ஒரு பய மூச்சு விடக் கூடாது!"

ஏழு பேரும் கூடி நின்று யோசித்தார்கள்.

"மூச்சு விடலைன்னா செத்துர மாட்டோமா?" என்றான் இருளப்பன்.

"விடத்தான கூடாதுன்னாரு. இழுக்கக் கூடாதுன்னாரா?" என்றான் கோட்டைச்சாமி. இந்த அறிவுக்காகத்தான் அவனைக் கேப்டன் ஆக்கியிருந்தார்கள்.

"அப்ப கபடி கபடின்னு எப்படிடா பாடுறது? காத்து வெளிய வந்துருமே?"

"பாடாத. முட்டை வேணுமா, வேணாமா?"

விசில் ஊதினார்கள். கோட்டைச்சாமி கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு, வாயே திறக்காமல் நடுக்கோட்டைத் தாண்டினான். பாடாமல் போனால் அவுட் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நடுவர் அவுட் கொடுத்தார். அடுத்தவனும் கன்னத்தை உப்பிக்கொண்டு போனான், அவனும் அவுட். பிடிக்க வேண்டியவர்கள் மூச்சுமுட்டித் தாங்களாகவே விழுந்தார்கள். எதிரணிக்காரன் குனிந்து குனிந்து ஒவ்வொருவனாகத் தொட்டுவிட்டு நிதானமாகத் திரும்பிப் போனான்.

"பாடித் தொலைங்கடா பாவிகளா!" என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினார். கோட்டைச்சாமி எதிரணியைக் கண்ணால் காட்டி, உதட்டில் விரல் வைத்து, ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்று தலையாட்டினான்.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு ஸ்கோர் பலகையைக் காட்டினார். "நல்லாப் பாருங்கடா! முட்டை வாங்கியிருக்கீங்க, முட்டை!"

கோட்டைச்சாமி அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டான்.

வேன் விடுதி வாசலில் நின்றது. ஏழு பேரும் ஆளுக்கொரு தட்டோடு வார்டன் முன்னால் வரிசை கட்டினார்கள்.

"என்னடா?"

"முட்டை வாங்கிட்டோம் சார். மாஸ்டரே சொன்னாரு. போர்டுல ஒண்ணுதான் போட்டிருந்தாங்க, ஆனா நல்ல பெரிசு. ஆம்லெட்டாப் போட்டா ஏழு பேருக்கும் காணும்."