தொடாதே என்ற கரடி

மலையடிவாரக் காட்டில் ஒரு கரடி இருந்தது. ஆற்றுக்கு அப்பாலிருந்து ஒரு முரட்டுக் கரடி அதன் குகையைப் பிடுங்க வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. குகையில் பெண்கரடியும் இரண்டு குட்டிகளும் இருந்தன. அதனால் கரடி உடம்பைத் தேற்றத் தொடங்கியது.

பாறைமேல் மல்லாந்து படுக்கும். மரக்கட்டையை இரு கையாலும் தூக்கிப் பிடித்து நெஞ்சுவரை இறக்கும். பிறகு மேலே தள்ளும். தலைமாட்டில் காட்டெருமை காவல் நிற்கும். கட்டை தடுமாறினால் கொம்பால் தாங்கிக்கொள்ளும்.

“காலை நன்றாக ஊன்று! மெதுவாக இறக்கு! நெஞ்சில் போட்டுத் துள்ளவிடாதே!” என்று எருமை சொல்லிக்கொண்டே இருக்கும். கரடியும் கேட்டது. தோள் அகன்றது, கட்டையும் பெரிதானது.

இதை வேடிக்கை பார்க்கச் செந்நாய்கள் வந்து உட்காரும். அவற்றுக்கு வேறு வேலை ஏது? ஒருநாள் கனத்த தேக்குக் கட்டையைக் கரடி பாதிவரை தூக்கியது. அதற்குமேல் கட்டை ஏறவில்லை. எருமை கொம்பு நுனியால் லேசாகத் தாங்கியது. கட்டை மேலே போனது.

“பாதிப் பாரம் கொம்பில்! பெருமை மட்டும் கரடிக்கா?” என்று ஒரு செந்நாய் சிரித்தது.

கரடிக்கு மானம் போனது. எருமைமேல் எரிந்து விழுந்தது. “உன்னை யார் தொடச் சொன்னது? இனி நான் கூப்பிட்டால் ஒழியக் கொம்பை நீட்டாதே!”

“கூப்பிட முடியாமல் போனால்?”

“என் தொண்டை என்ன அடைத்தா போயிருக்கிறது? சொன்னதைச் செய்!”

எருமையின் முகம் சுருங்கிவிட்டது. “சரிப்பா, நீ கூப்பிடாமல் தொட மாட்டேன்!” என்றது. நல்லது செய்யப் போய்த் திட்டு வாங்கினால் யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் அந்த வலியை மனதில் வைத்துக்கொண்டு காவல் நின்றதுதான் தப்பு.

மறுநாள் அதே கட்டை. கரடி அதை நெஞ்சுவரை இறக்கித் தள்ளிப் பார்த்தது. கட்டை எழவில்லை. கைகள் மடங்கின. கட்டை கழுத்துப் பக்கம் உருண்டு அழுத்தியது. கரடி வாயைத் திறந்தது. மூச்சே வரவில்லை, குரல் எங்கிருந்து வரும்? பின்னங்கால்கள் பாறையைப் பிறாண்டின.

‘இப்போது தொட்டால் மறுபடி திட்டுவான். கூப்பிடட்டும்’ என்று எருமை பார்த்துக்கொண்டே நின்றது. செந்நாய்கள்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டன.

கால்கள் அடங்கிய பிறகுதான் எருமைக்கு உறைத்தது. ஒரே முட்டில் கட்டையைக் கீழே தள்ளியது. அவ்வளவு சுலபமான வேலை அது! கரடி எழுந்திருக்கவில்லை.

சத்தம் கேட்டுப் பெண்கரடி குட்டிகளோடு ஓடிவந்தது. கணவனை முகர்ந்து பார்த்தது. பிறகு எருமையின் பக்கம் திரும்பியது.

“அண்ணே, நீங்கள் பக்கத்தில்தானே நின்றீர்கள்?”

“நின்றேன் அம்மா. அவன் கூப்பிடவில்லை.”

முரட்டுக் கரடி வருவதற்குள் அன்றே பெண்கரடி குட்டிகளை இழுத்துக்கொண்டு குகையை விட்டுப் போனது.

துணை தொட்டால் பெருமை போகும் என்று எண்ணுகிறவன் உயிரை விடுவான்; கூப்பிடட்டும் என்று காத்து நிற்கிற துணையும் அந்தச் சாவுக்குப் பங்காளிதான்.