அச்சுக்குக் கிடைத்த அளவு

கட்டம் போட்ட கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தில் அச்சு என்றொரு நேர்கோடு குடியிருந்தது. பக்கத்தின் நடுவே காலை நீட்டிப் படுத்திருப்பதுதான் அதன் வேலை. அக்கம்பக்கத்தில் ஒரு சாய்கோடும் ஓர் அரைவட்டமும் இருந்தன. எல்லாமே பென்சிலில் போட்டவை. நாளுக்கு நாள் மங்கிக்கொண்டிருந்தன. அச்சின் இடது முனை இப்போதே பாதி தெரியவில்லை. அதை நினைத்தால் அச்சுக்குத் தூக்கம் வராது.

ஒரு நாள் மைப்புட்டி வந்தது.

"ஆளுக்குக் கொஞ்சம் மை தரேன். வாங்கிட்டா அப்புறம் அழியவே மாட்டீங்க. ஆனா கோட்டுல எப்படி ஊத்துறது? உள்ளே இடம் இருக்கணுமே."

"அண்ணனைச் சுத்துவோம்," என்றது சாய்கோடு. அச்சில் ஒரு முனையை ஊன்றிக்கொண்டு ஒரு முழுச் சுற்று சுற்றியது, கூம்பாகிவிட்டது. அரைவட்டமும் சுற்றிப் பந்தாகியது.

அளக்க வந்தவர் தொகையீடு, கணக்குப் பாடத்தில் 'இன்டெக்ரல்' என்பார்களே, அவர்தான். தலையும் காலும் எதிரெதிரே வளைந்த ஒல்லி மனிதர். கூம்பை முள்ளங்கி நறுக்குவதுபோல் மெல்லிய வில்லைகளாக நறுக்கினார். ஒவ்வொன்றின் கன அளவையும் கூட்டிக்கொண்டே போனார். கூட்டி முடித்ததும் வில்லைகளைப் பழையபடி அடுக்கிவிட்டார். கூம்புக்கு வலிக்கவே இல்லை. அளவுக்கேற்ற மை கிடைத்தது. பந்துக்கும் அப்படியே.

அச்சுக்கு ஒரு பக்கம் பெருமை, எல்லாரும் தன்னைத்தான் சுற்றுகிறார்கள் என்று. மறுபக்கம் பயம், மை தீர்ந்துவிடுமே என்று.

"அண்ணே, நீங்களும் சுத்துங்க," என்றது சாய்கோடு. "மேலே ஒரு கோடு சும்மா கிடக்கு பாருங்க. அதைச் சுத்தினா நல்ல உருளையா வருவீங்க."

"நான் போய் இன்னொருத்தனைச் சுத்தவா? என்னையே நான் சுத்திக்கிறேன்."

"அப்படிச் சுத்தினா வயிறு வராதே, அண்ணே."

"உன் வயிறே நான் போட்ட பிச்சை. சும்மா இரு."

அச்சு தன்னையே சுற்றியது. தலை கிறுகிறுக்கும்வரை சுற்றியது. தொகையீடு கத்தியோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். நறுக்க ஒன்றும் அகப்படவில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் நடந்து பார்த்தார்.

"எவ்வளவு ஊத்தட்டும்?" என்றது மைப்புட்டி.

தொகையீடு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பூஜ்யம்."

மைப்புட்டி மூடியைத் திருகிக்கொண்டது.

நேர்கோடு என்பதையும் மறந்து அச்சு வெட்கத்தில் லேசாக நெளிந்தது.

"எனக்கெதுக்குங்க பூஜ்யஸ்ரீ பட்டமெல்லாம்? சும்மா அச்சுன்னே கூப்பிடுங்க."

சொல்லி முடிப்பதற்குள் இடது முனையில் இன்னொரு கட்டத்து நீளம் அழிந்து போயிருந்தது.