பல் டாக்டர் வாசித்த ப்ளூஸ்

"ஐந்து ஸ்வரமும் அத்துப்படி மிஸ். ஆனாலும் நான் தனியா சோலோ வாசிச்சா எங்க பேண்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க. ஏன்?"

கேட்டவர் தணிகைவேல். வயது ஐம்பத்தொன்று, பெரம்பூரில் பல் டாக்டர். மிஸ் என்பது ரோவீனா. கிட்டார் டீச்சர், வயது இருபத்தாறு.

"வாசிங்க, கேக்கறேன்."

வாசித்தார். அடேயப்பா, என்ன வேகம்! பென்டடானிக் ஸ்கேலின் ஐந்து ஸ்வரங்களில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். எல்லாம் வந்தது, மனக்குறையைச் சொல்லும் அந்த ப்ளூஸ் இசை மட்டும் வரவில்லை. மூச்சு வாங்கியது, அவருக்கும் கேட்டவளுக்கும்.

"சனிக்கிழமை கிளப்ல வாசிக்கிறோம். இந்தத் தடவையும் சொதப்பினா என் சோலோவைப் பேண்டுல இருக்கிற கண் டாக்டருக்குக் குடுத்துடுவாங்களாம். மானம் போயிடும் மிஸ்."

ரோவீனா கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பல் வலிக்குது டாக்டர்."

"இப்ப அதுவா முக்கியம்?"

"ரொம்ப வலிக்குது."

மறுநாள் காலை கிளினிக் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். டாக்டர் இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்தார்.

"எத்தனை நாளா வலி? ஐஸ் தண்ணி பட்டா கூசுதா? தூக்கம் வருதா? ஸ்வீட் அதிகமா சாப்பிடுவீங்களோ?"

"ஆ... ஆ..."

"அதான் பார்த்தேன்."

மேல் கடைவாய்ப் பல்லைத் தட்டினார், சுரண்டினார், பளபளவென்று சுத்தம் செய்தார். கையும் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. கடைசியில் பஞ்சை எடுத்தார்.

"இப்ப எப்படி இருக்கு மிஸ்?"

"வலிக்குது. கீழ்ப் பல்லு டாக்டர்."

"அட, முதல்லயே சொல்றதுக்கென்ன?"

ரோவீனா தலையைத் திருப்பினாள். தட்டில் கிடந்த பஞ்சைப் பார்த்தாள்.

டாக்டரும் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எந்த இடம்னு காட்டுங்க," என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார்.

சனிக்கிழமை கிளப்பில் அவருடைய சோலோ வந்தது. மூன்றே ஸ்வரம் வாசித்தார். கடைசி ஸ்வரத்தைக் கொஞ்சம் இழுத்து வளைத்தார். கையை எடுத்துவிட்டார்.

மறந்துட்டாரா மனுஷன்? டிரம்ஸ்காரர் பதறிப்போனார். கண் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தணிகைவேலின் விரல்கள் துறுதுறுத்தன. ஆனாலும் கம்பியைத் தொடவில்லை. கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார்.

பின்வரிசையிலிருந்து யாரோ ஆசையாகக் கேட்டார்கள்:

"அப்புறம்?"