நாற்பத்து மூன்றாவது தும்மல்

ஆவுடையம்மாவின் ஆசிரமத்தில் சிலை கிடையாது, காவி கிடையாது, உண்டியல்கூடக் கிடையாது. ஒரு பெருங்காய டப்பா மட்டும் உண்டு.

தென்காசிக்கு மேற்கே, சாரல் வந்து சுவரில் மோதுகிற மலையடிவாரத்தில் ஓர் ஓட்டுக் கட்டிடம். உள்ளே ஐந்தே பேர். பெருந்தொற்றுக் காலத்தில் அங்கே ஒரு வழக்கம் பிறந்தது. காலையில் எழுந்ததும் ஒவ்வொருவரும் வாசல் மாடத்திலிருக்கும் எவர்சில்வர் டப்பாவை எடுக்க வேண்டும். மூடியில் ஏழெட்டுத் துளைகள் இருக்கும். அதில் மூக்கை வைத்து மோந்து பார்க்க வேண்டும். "மணக்குது" என்றால் உள்ளே போய் மற்றவர்களோடு உட்காரலாம். மணக்கவில்லை என்றால் ஏழு நாள் பின்கட்டு அறை, தனியே.

தொற்று ஓய்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. டப்பா மட்டும் மாடத்தைவிட்டு நகரவில்லை.

தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற நல்லபெருமாள் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகாகா, கமழ்கிறது! கமழ்கிறது!" என்பார். கல்யாண வீடுகளுக்கு மைக்செட் கட்டிப் பழகிய ஜெபமணி டப்பாவை வாய்க்கு நேரே பிடித்து, "ஹலோ... செக்... மணக்குது... செக்" என்பார். சமையல் பார்க்கிற மாடத்தி மூக்கை வைத்தும் வைக்காமலும், "மணக்கு, மணக்கு, உலை கொதிக்கு, ஆளை விடுங்க" என்று ஓடிக்கொண்டே சொல்வாள்.

கடைசி ஆள் சங்கரபாண்டி. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டர். அவர் மோந்து பார்த்ததும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"மணக்குது. ரைட்!"

அறுபத்திரண்டு வயசுக்காரர், தன்னைவிட இருபத்திரண்டு வயசு சின்னவரான ஆவுடையம்மாவை "அம்மா" என்று கூப்பிட ஆரம்பத்தில் கூசினார். இப்போது வேறு சிக்கல். மூன்று நாளாகச் சளி. மூக்கு அடைத்துக்கொண்டதில் 'அம்மா' என்றால் 'அப்பா' என்று வந்தது. ஆவுடையம்மா அதற்கும் திரும்பிப் பார்த்தார்.

முதல் நாளே நர்சம்மா வந்து மூக்குக்குள் குச்சிவிட்டுச் சோதித்துப் பார்த்தாள்.

"ஒரு கோடுதான் அண்ணாச்சி. வெறும் சளி. ஆவி பிடிங்க."

"வெறும் சளியா? இதுவா?"

"வெறும் சளிதான்."

கண்டக்டர் நம்பவில்லை. ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டுகிற கருவியை மணிக்கொரு தரம் மாட்டினார். கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்தார். தும்மல்களை எண்ணினார். எண்ணுவதற்கு அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எழுபது பேர் நெருக்கியடித்து நிற்கிற பஸ்ஸில், முன்படிக்கட்டில் நின்று ஒரு பார்வை பார்த்தாரென்றால், "ஒரு ஆள் டிக்கெட் எடுக்கலை, யாரது?" என்பார். முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கணக்கு தவறியதே இல்லை.

இன்று அவர் மகள் பகவதி வருகிறாள். மதியம் வந்து, சாயங்காலம் ரயில் ஏறி, அப்புறம் விமானத்தில் மஸ்கட். வேலை கிடைத்திருக்கிறது. இனிமேல் இரண்டு வருஷம் கழித்துத்தான்.

போனமுறை கண்டக்டருக்குத் தொற்று வந்தபோது, முதலில் தெரிந்தது காபியில்தான். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். வெந்நீர் மாதிரி இருந்தது. அப்புறம் பதினேழு நாள் ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி. பகவதி தினமும் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பாள். மேலேயிருந்து பார்த்தால் பச்சைக் குடை மட்டும் தெரியும். குடை ஆடினால், மகள் கையசைக்கிறாள் என்று அர்த்தம்.

அதனால் இன்றைக்கு டப்பாவை இரண்டு கையாலும் எடுத்தார். தப்பு வந்துவிடக் கூடாதே என்று ஒரு நாசியை மூடி, மறு நாசியால் இழுத்தார். பிறகு மாற்றி இழுத்தார். அடிவயிற்றிலிருந்து இழுத்தார்.

ஒன்றும் இல்லை.

பின்னால் நின்ற வாத்தியாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. காதருகே வந்தார்.

"வே கண்டக்டர், மணக்குன்னு சொல்லிட்டு உள்ள போமே. மகள் வருதுல்லா? யாருக்குவே தெரியப் போகுது?"

கண்டக்டர் வாயைத் திறந்தார். 'மணக்குது' என்பது தொண்டைவரை வந்துவிட்டது. பிறகு அவருக்குப் பச்சைக் குடை ஞாபகம் வந்தது. அதற்குக் கீழே இருந்தவளுக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்பதும் ஞாபகம் வந்தது.

"படக்கலை," என்றார்.

"என்னது?"

"ம-ண-க்-க-லை!" என்று மூக்கைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் தும்மல் வந்தது. சளி பிடித்ததிலிருந்து அது நாற்பத்து மூன்றாவது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டு அறைக்கு நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆவுடையம்மா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தார். அறைக்கு வெளியே, கதவுக்கு நாலு முழம் தள்ளி, ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். டப்பா கையிலிருந்தது.

"கண்டக்டரே."

"அப்பா... அம்மா."

"எதுவா இருந்தாலும் சரி. என்ன யோசனை?"

"ஒரு கேள்வி. இப்ப வர்ற சளியெல்லாம் முன்னைவிடக் கூடிப்போச்சா? இல்ல, எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

"ஆஸ்பத்திரிக்காரங்களே ஆளுக்கொண்ணு சொல்லுதாங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

கண்டக்டருக்கு முகம் தொங்கிப்போனது. குருவிடம் கேட்டால் இப்படியா?

"முன்னே பஸ்ஸில இருக்கும்போது சளி பிடிக்குமா?" என்றார் ஆவுடையம்மா.

"பிடிக்காம? மழைக்காலம் முழுக்கப் பிடிக்கும்."

"எத்தனை நாள் இருக்கும்?"

"யாரு கண்டா? செங்கோட்டை டிரிப்பில வந்தா மதுரை டிரிப்பில இறங்கிப் போயிடும்."

"தும்முவீங்களா?"

கண்டக்டர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"அது பெரிய கூத்து. என் தும்மல் 'ஹா... ரைட்ச்'சுன்னு முடியும். ஒருதரம் பாவூர்சத்திரத்தில தும்மிட்டேன். ரைட்டுன்னு சொல்லிட்டேன்னு நினைச்சு டிரைவர் வண்டியை எடுத்துட்டாரு. ஏழு பேரு ரோட்டில நிக்காங்க. ஒரு ஆச்சி கோழியை உள்ள வச்சிட்டு, அவ கீழ நிக்கா! 'ஏ பாவி, கோழிக்கு டிக்கெட் எடுத்திருக்கேம்ல, நிறுத்துல!'ன்னு ஓடி வாரா. பஸ்ஸே சிரிச்சிச்சு. மதுரை போற வரைக்கும், எவனாவது ஒருத்தன் 'ஹா... ரைட்ச்' சொல்லிக்கிட்டே வந்தான்."

"அன்னைக்கு எத்தனை தும்மல்?"

"அதை யாரு எண்ணினா?"

"இந்தச் சளி வந்து எத்தனை நாளாச்சு?"

"மூணு நாள், பதினோரு மணி நேரம்," என்றார் கண்டக்டர், உடனே.

ஆவுடையம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நேத்து இது மணந்துச்சா?"

"மணந்துச்சே."

"நேத்தும் மூக்கு அடைச்சுத்தானே இருந்துச்சு?"

கண்டக்டர் யோசித்தார். "அடைச்சுதான் இருந்துச்சு. ஆனாலும் சுள்ளுன்னு ஏறிச்சு."

"முந்தாநாள்?"

"சுள்ளுன்னு."

"இன்னைக்கு?"

"இன்னைக்குப் பகவதி வாரா. அதனால நல்லா இழுத்துப் பார்த்தேன். ஒண்ணுமே இல்ல."

ஆவுடையம்மா திரும்பி, "எல்லாரும் இங்க வாங்க," என்று குரல் கொடுத்தார். வாத்தியார் வந்தார். ஜெபமணி வந்தார். மாடத்தி கரண்டியோடு வந்தாள்.

"ஆளுக்கொருதரம் இன்னும் மோந்து பாருங்க."

"கமழ்கிறது அம்மா, கமழ்கிறது," என்றார் வாத்தியார்.

"ஹலோ... மணக்குது... செக்," என்றார் ஜெபமணி.

"மணக்கு மணக்கு. ஏன், கண்டக்டர் அண்ணாச்சிக்காக இன்னொருதரமா? அய்யோ, குழம்பு அடிப்பிடிக்கப் போகுது!" என்றாள் மாடத்தி.

ஆவுடையம்மா மூடியைத் திருகித் திறந்து டப்பாவைக் கவிழ்த்தார். உள்ளங்கையில் ஒரு கூழாங்கல் விழுந்தது. ஆற்றில் கிடக்கிற, வழவழவென்ற, பழுப்புக் கூழாங்கல்.

சாரல் ஓட்டின்மேல் பேசிக்கொண்டிருந்தது.

"போன வருஷம் பங்குனியில ரசத்துக்குப் பெருங்காயம் தீர்ந்துபோச்சு," என்றார் ஆவுடையம்மா. "இதில இருந்ததை எடுத்துப் போட்டேன். டப்பாவைக் கழுவினேன். ஆட்டிப் பார்த்தா வெறுமையாத் தெரியுமேன்னு கல்லைப் போட்டேன். யாராவது சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"அதான் அந்த ரசம் அவ்வளவு தூக்கலா இருந்துச்சா!" என்றாள் மாடத்தி.

"பதினாறு மாசம்," என்றார் வாத்தியார் மெதுவாக. "பதினாறு மாசமா ஒரு கல்லு எனக்குக் கமழ்ந்திருக்கு."

ஜெபமணி டப்பாவை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். "லைன்ல கரண்டே இல்ல," என்றார்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் மாடத்திதான் சிரித்தாள். அப்புறம் அடக்க முடியவில்லை. வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. மூக்கைத் தடவிக்கொண்டார்.

"பொய் சொல்லலை," என்றார். "நேத்து எனக்கு நிஜமாவே சுள்ளுன்னு ஏறிச்சு. கண்ணில தண்ணி வந்துச்சு."

"வந்திருக்கும்," என்றார் ஆவுடையம்மா.

"இந்தக் கல்லுக்கா?"

ஆவுடையம்மா கல்லை அவர் பக்கமாக உருட்டிவிட்டார். அது வந்து வாசற்படியில் நின்றது. கண்டக்டர் அதை எடுத்து மோந்து பார்த்தார். திருப்பி மோந்து பார்த்தார். பிறகு நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

"அப்ப நான் பின்கட்டிலேயே இருக்கணுமா?"

"கல்லு மணக்கலைன்னா பின்கட்டுன்னு வழக்கத்தில இல்லையே. நர்சம்மா வெறும் சளின்னுட்டா. முற்றத்துல காத்தோட்டமா உட்காருங்க. முகக்கவசம் போட்டுக்கங்க. மகளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்க."

மாடத்தி அடுக்களைக்குப் போய் நிஜப் பெருங்காயம் ஒரு கட்டி கொண்டுவந்து டப்பாவில் போட்டாள்.

மதியம் பகவதி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் அதே பச்சைக் குடை. முற்றத்தின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். நடுவில் சாரல்.

"அப்பா, குரல் என்ன இப்படிக் கிடக்கு?"

"சளிப்பா."

"நான் அப்பா இல்ல, நீங்கதான் அப்பா."

"அதைத்தான்பா சொல்லுதேன். சளிப்பான்னு சொன்னா சளிப்பான்னு வருது."

பகவதி சிரித்த சிரிப்பில் குடை ஆடியது. குடைக்குக் கீழே முகமும் ஆடியது. கண்டக்டர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடத்தி மிளகு ரசம் கொடுத்தாள். குடித்ததும் கண்டக்டருக்குத் தும்மல் வந்தது. "ஹா... ரைட்ச்!"

"பாவூர்சத்திரம்! கோழி!" என்று கத்தினாள் பகவதி. பிறகு அவளே எழுந்து நின்று ஆச்சி மாதிரி ஓடிக் காட்டினாள். ஜெபமணி டிரைவராக மாறி வாயாலேயே கியர் போட்டார். வாத்தியார் கோழியானார். அடுத்து வந்த தும்மலுக்கெல்லாம் நாலு பேரும் சேர்ந்து "ரைட்ச்!" போட்டார்கள். மஸ்கட்டில் என்ன சம்பளம், எங்கே தங்கல், அரிசி கிடைக்குமா என்ற பேச்சுக்கெல்லாம் நடுவில் அது வந்துகொண்டே இருந்தது.

மூன்றரை மணிக்கு ஆட்டோ திரும்பி வந்தது. பகவதி ஏறி உட்கார்ந்தாள். குனிந்து அப்பாவைப் பார்த்தாள். இருவருக்குமே சொல்ல என்னவோ இருந்தது. கண்டக்டர் வாயைத் திறந்தார்.

"ஹா... ரைட்ச்!"

ஆட்டோக்காரன் வண்டியை எடுத்துவிட்டான்.

பின்பக்கத் துணியை விலக்கிக்கொண்டு பகவதி சிரித்துக்கொண்டே போனாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். வளைவுவரை குடை வெளியே நீண்டு ஆடியது.

கண்டக்டர் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். ஆவுடையம்மா பக்கத்தில் வந்தார்.

"காலையில நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலை," என்றார் கண்டக்டர். "சளி கூடிப்போச்சா, இல்லையா?"

"காலையில நாற்பத்து மூணு தும்மல்னு மாடத்திகிட்டே சொன்னீங்களாமே."

"ஆமா. நாற்பத்து மூணு."

"இப்ப எத்தனை?"

கண்டக்டர் சொல்ல வாயெடுத்தார். ரசம் குடித்ததும் ஒன்று. வாத்தியார் கோழியானபோது ஒன்று, இல்லை இரண்டு. அரிசிப் பேச்சில் ஒன்று வந்ததா? ஆட்டோவில் வந்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில்?

விரலை மடக்கினார். விரித்தார். சாலையைப் பார்த்தார்.

முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கணக்கு தவறியது; வண்டியில் எத்தனை பேர் என்று கண்டக்டருக்குத் தெரியவில்லை.

ஆவுடையம்மா கேட்டைச் சாத்தினார்.

"ரைட்," என்றார். "போகலாம்."