தலைமாட்டு ஸ்டூல்

“ரெண்டு வருஷமா நீங்க தையல் முடிச்சுப் போட, நான் நூல் வெட்டறேன், மேடம். எவ்வளவு விடட்டும்னு கேட்டா சொல்றதில்லை. வெட்டின பிறகு ‘நீளம்’னு சொல்றீங்க.”

“நீளமாத்தானே இருந்தது, சார்?” என்றார் டாக்டர் ஜைனப்.

சீடர் டாக்டர் மாசிலாமணிக்கு வயது ஐம்பத்தொன்று. மலையடிவாரத்து அரசு மருத்துவமனையில் குடல்வால், குடலிறக்கம் என்று ஆயிரம் வயிறுகளைத் திறந்து மூடியவர்.

குருவுக்கு முப்பத்தெட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகரத்திலிருந்து வந்து இரண்டு நாள் முகாம் நடத்துபவர். உதடு பிளந்து பிறந்த குழந்தைகளுக்கு அதைச் சேர்த்துத் தைப்பார். அந்த வேலையை மாசிலாமணிக்கும் கற்றுக்கொடுப்பார்.

தகப்பன் பிள்ளையிடம் வாய்பொத்திப் பாடம் கேட்டதற்குக் கோயிலே கட்டி வைத்திருக்கும் நாடு இது. வயதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அன்று பன்னிரண்டு குழந்தைகளோடு முகாம் முடிந்திருந்தது. தாமதமாக வந்த பதின்மூன்றாவது குழந்தை வெளியே பெஞ்சில், தாய் பொன்னுருவியின் மடியில் இருந்தது.

“அந்தம்மா மலையிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கு” என்றார் மாசிலாமணி. “‘அவங்க ஊருக்குப் போறாங்க, சரி. நீங்க இங்கயேதானே இருக்கீங்க, நீங்க தைக்க மாட்டீங்களா’ன்னு என்னைக் கேக்குது.”

“என்ன சொன்னீங்க?”

“மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னேன்.”

மாசிலாமணி ஜைனப்பை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க உட்கார்ந்து தைக்கற ஸ்டூலை எனக்கு எப்ப மேடம் தருவீங்க?”

ஜைனப் ஒரு ஓ.பி. சீட்டின் பின்புறத்தைத் திருப்பி, பேனாவை நீட்டினார்.

“அந்தப் பாப்பாவோட உதட்டை வரைங்க. வெட்டற இடத்துல புள்ளி வைங்க.”

வரைந்தார். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

ஜைனப் இன்னொரு சீட்டை எடுத்து வைத்தார்.

“இப்ப தலைகீழா.”

வெட்டுகிறவர் உட்காருவது குழந்தையின் தலைமாட்டில். அங்கிருந்து பார்த்தால் முகம் தலைகீழ். மாசிலாமணி இரண்டு வருடமாகப் பார்த்ததெல்லாம் பக்கவாட்டு ஸ்டூலிலிருந்து.

நான்காவது புள்ளியில் வலம் இடமாகிவிட்டது.

மாசிலாமணி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருந்தது பொன்னுருவியின் மகள்.

ஜைனப் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதன்பின் மாசிலாமணியின் மேசையில் இருந்த முகங்களெல்லாம் தலைகீழாயின. காலண்டர் முருகன், கல்யாணப் பத்திரிகை மணமகள், மருந்து கம்பெனி டைரியில் சிரிக்கும் குழந்தை. எல்லா உதட்டிலும் புள்ளி வைத்தார்.

டீக்கடையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்து அமைச்சரின் வாயை வெகுநேரம் ஆராய்ந்தபோது, கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“சார் எதிர்க்கட்சியா?”

மூன்று மாதம் கழிந்தது. முகாமின் முதல் குழந்தை பொன்னுருவியின் மகள். மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜைனப் கை கழுவி, கையுறை மாட்டிக்கொண்டு வந்து, பக்கவாட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

தலைமாட்டு ஸ்டூல் காலியாக இருந்தது.

மாசிலாமணி போய் உட்கார்ந்தார். மையால் புள்ளிகள் வைத்தார். ஏழாவதை அவரே துடைத்து, ஒரு முடியளவு தள்ளி வைத்தார்.

ஜைனப் கத்தியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, உதட்டின் விளிம்புக்கோடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நெளியாமல் போய்ச் சேர்ந்தது. நர்ஸ் ரெஜினா எட்டிப் பார்த்து, “அடி அழகி” என்றார்.

கடைசி முடிச்சு. ஜைனப் கத்தரியை எடுத்தார்.

“எவ்வளவு விடட்டும், சார்?”

மாசிலாமணி பதில் சொல்லவில்லை.

ஜைனப் வெட்டினார்.

மாசிலாமணி குனிந்து பார்த்தார்.

“நீளம்” என்றார்.